தொட்டி மூடியின் சூடு

மார்ச் 4, செவ்வாய்

ராத்திரி டியூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்தால், மீன் தொட்டியில் என் பிளாஸ்டிக் செடிகளைக் காணோம். அந்த இடத்தில் நிஜச் செடி! நாடா நாடாக, பச்சைப் பசேலென்று. மருமகளின் வேலை. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகன் கப்பல் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான்; இருந்தால் அவனைக் கேட்டிருப்பேன். செடி அவள் அம்மா வீட்டுத் தொட்டியிலிருந்து வந்ததாம்.

"மீனோட கழிவைச் செடி உறிஞ்சிக்கும் மாமா. தண்ணி நல்லா இருக்கும். ஒளிஞ்சுக்க இடம் கிடைச்சா மீனுக்குப் பயமும் குறையும்."

மீனுக்கு என்ன பயம், நான் ஒருவன் இருக்கும்போது? இன்று தொட்டி, நாளை சோபா, அப்புறம் நான். அப்படித்தான் போகும் என்று படுகிறது.

மார்ச் 6, வியாழன்

ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவன் கண்ணுக்குத் தப்ப முடியுமா? இலைக்கு அடியில் ஒரு நத்தை. செடியோடு ஓசிப் பயணம். இன்னும் என்னென்ன ஏறி வந்திருக்கிறதோ.

மனைவியிடம் சொன்னேன். "ரயில்லதான் எல்லாரையும் சந்தேகப்படுறீங்க. நத்தையையாவது விட்டுடுங்களேன்" என்றாள். இவளையும் கைக்குள் போட்டுக்கொண்டாளா அந்தப் பெண்?

மார்ச் 9, ஞாயிறு

மேனேஜரைக் காணவில்லை என்று பதறிப்போனேன். மேனேஜர் என்பது ஏஞ்சல் மீன். விறைப்பும் முறைப்பும் எங்கள் ஸ்டேஷன் மேனேஜரேதான். கடைசியில் பார்த்தால் இலைகளுக்குப் பின்னால் சாவகாசமாக நிற்கிறது. முன்பெல்லாம் என் நிழல் பட்டாலே கண்ணாடிக்கு ஓடிவரும். இப்போது இலைதான் பெரிதாகிவிட்டது.

ஒரு முடிவுக்கு வந்தேன். செடிக்கு வெளிச்சம்தானே சாப்பாடு? தொட்டி இருக்கிற மூலையில் வெயில் எட்டிப் பார்க்காது. மருமகள் காலையில் கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பியதும் தொட்டி மூடியிலிருக்கும் விளக்கை அணைத்துவிடுவது; மாலையில் கேட் சத்தம் கேட்டதும் போட்டுவிடுவது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, செடி தானாகப் போய்ச் சேரும்.

மனைவி பார்த்துவிட்டாள். கரண்ட் மிச்சம் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

இலை பழுக்க ஆரம்பித்துவிட்டது. நான் அப்போதே சொன்னேனே! (யாரிடம் சொன்னேன்?)

மார்ச் 17, திங்கள்

தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது. இலைகள் கொழகொழவென்று அழுகுகின்றன. மேனேஜர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, மூச்சு முட்டுகிறது.

மருமகள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பாத்தியாம்மா உன் செடி பண்ற வேலைய?"

"மன்னிச்சிடுங்க மாமா." முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அழுகியதைக் கிள்ளி எறிந்து, மிச்சத்தை வாளித் தண்ணீரில் போட்டு பால்கனியில் வைத்தாள். தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினாள். முகத்தைக் காட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

ஜெயித்தாகிவிட்டது. சாப்பாடுதான் இறங்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பிளாஸ்டிக் செடிகள் திரும்பி வந்தாயிற்று. மேனேஜருக்கு மூச்சு சரியாகிவிட்டது. ஆனால் மற்ற மீன்கள் துரத்துகின்றன, ஒதுங்க இடமில்லை. பிளாஸ்டிக் இலையின் முனை பட்டு வால் கிழிந்திருக்கிறது. இது முன்பும் கிழியுமோ? நான் கவனித்ததில்லையோ?

மார்ச் 20, வியாழன்

துண்டு காயப்போட பால்கனிக்குப் போனேன். அந்த வாளி. வெயிலில் அதே செடி — இலையெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி, நடுவில் புதுத் துளிர்!

அப்போ செடி மேல தப்பில்ல. நான்தானே இருட்டுல போட்டு வெச்சேன். அழுகின இலை தண்ணியில இருந்த மூச்சையும் சேத்துக் குடிச்சிருக்கு. மேனேஜர் செத்திருந்தா? அந்தப் பொண்ணு மேலயே பழி போட்டு, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பேனே, பாவி.

பிளாஸ்டிக்கைப் பிடுங்கிப் போட்டேன். செடிகளை நானே நட்டேன்; ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. மாலையில் மருமகள் வந்து நின்று பார்த்தாள். "விளக்கு வந்தும்மா..." என்று இழுத்தேன்.

"தெரியும் மாமா. வந்ததும் மூடியைத் தொட்டுப் பாப்பேன். பகலெல்லாம் எரிஞ்சா சுடணும்ல? ஜில்லுனு இருக்கும்."

"ஏம்மா கேக்கல?"

"உங்க வீடு, உங்க தொட்டி. எப்படி மாமா கேக்கறது?"

டிக்கெட் இல்லாதவர்கள் என் முன்னால் எப்படி நின்றிருப்பார்கள் என்று இன்று தெரிந்தது. "தப்பு என் மேலதாம்மா" என்றேன். அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நான் நட்டவற்றை நிமிர்த்தத் தொடங்கினாள்.

ஏப்ரல் 2, புதன்

தண்ணீர் தெளிந்துவிட்டது. மேனேஜரின் வால் வளர்கிறது. இலைக்குள் போய் நின்றுகொள்கிறது, நான் கூப்பிட்டால் வருகிறது. வராவிட்டாலும் பரவாயில்லை, உள்ளேதான் இருக்கும்.

மாலையில் கேட் சத்தம். பழக்க தோஷம், கை சுவிட்சுக்குப் போனது. விளக்கு காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது.

மருமகள் பையை வைத்தாள். நான் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தொடவில்லை. கண்ணாடிக்கு அருகே குனிந்து, "மாமா, நம்ம நத்தை முட்டை போட்டிருக்கு, பாத்தீங்களா?" என்றாள்.