மலர் தூக்குற மாதிரி ஒரு படகு

பிப். 4, புதன்
காலையில் நல்ல பனி. குரும்பலூருக்கு ஃபைபர் பாத்ரூம் கதவு ரெண்டு டெலிவரி.

மகள் மலர் போன். கீழப்பழுவூர் பக்கம் தாமரை ஏரி குத்தகைக்கு எடுத்திருக்காள். மாப்பிள்ளை துபாயில். படகை ஏரியிலேயே விட்டால் மறுநாள் இருக்காது. தினம் வூட்டிலிருந்து தூக்கிக் கரை ஏத்தி ஏரியில இறக்கணும். மரப்படகு, நாலு ஆம்பளை வேணும். தூக்கக் கூப்பிடுற டீக்கடை ஆளுங்க டீ குடிச்சு, பேப்பர் பார்த்து வர்றதுக்குள்ள மொட்டு விரிஞ்சிடுது. விரிஞ்சதை யாரும் வாங்கறதில்லை. உன் படகுக்கு ஒரு கல்யாணக் கூட்டமே வேணும்னு ஒருத்தன் சொன்னானாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரலை.

அவளும் நாத்தனாரும் மட்டுமே தூக்குற மாதிரி ஒரு படகு வேணுமாம். ஃபைபர்ல நான் பண்றேன்னுட்டேன். கதவு தவிர ஒண்ணும் செஞ்சதில்லை.

பிப். 6, வெள்ளி
ஃபைபர் மெல்லிசா போட்டா வளையுது. தடிமனா போட்டா கனம். நடுவுல லேசா ஏதாவது வச்சு ரெண்டு பக்கமும் ஃபைபர், பன்னுக்குள்ள ஜாம் மாதிரி. தெர்மோகோல் வச்சேன். மேலே ஃபைபர் ஒட்டுற ரெசின் ஊத்திட்டு டீ குடிச்சிட்டு வந்தா தெர்மோகோலைக் காணோம். கரைஞ்சு கூழ்.

வூட்டுக்காரி சரோஜா எட்டிப் பார்த்தாள். களி கிண்டினீங்களான்னு கேட்டாள். எட்டாவதோட நின்னவனுக்கு இப்பத்தான் கெமிஸ்ட்ரி.

பிப். 9, திங்கள்
ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிட்ட பழைய ஐஸ் ரூம் உடைச்ச பஃப் ஷீட் வாங்கினேன், குளிர் போகாம சுவத்துக்குள்ள வைக்கிற நுரைப் பலகை. மஞ்சள். அப்பளம் எடை. ரெசின் தடவி உட்கார்ந்து பார்த்தேன், டீக்குக்கூட போகலை. கரையலை.
வாங்க: ஃபைபர் மேட், ரெசின், கையுறை, சரோஜாவுக்கு முறுக்கு.

பிப். 12, வியாழன்
பஃப் வச்சுப் போட்ட மாதிரிப் பலகையில் ஏறி நின்னேன். குதிகால் உள்ளே போயிடுச்சு. மலர் என்ன உங்க கனமான்னு சரோஜா கேட்டுக்கிட்டே தானும் ஏறினாள். அவளுக்கும் அமுங்குச்சு. முறுக்கைப் பத்தி நான் வாயே திறக்கலை.

"நிக்கிற இடத்துல மட்டும் மரம் வைங்க. முழுசுக்கும் எதுக்கு?"

சரோஜா சொன்னது சரிதான். அரும்பாவூர்ல முள்முருங்கைப் பலகை சொல்லியாச்சு. கதவுக்கு ஆகாதுன்னு நான் திட்டுற மரம். லேசு.

பிப். 22, ஞாயிறு
விடியறதுக்குள்ள முடிஞ்ச படகோட மலர் வூடு. ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"நாளைக்கும் வருவீங்களாப்பா? விடுங்க."

நாத்தனார் முன்னால, இவள் பின்னால. கரை மேட்டுல ஒரு தடவை இறக்கி வச்சாங்க. நான் ரெண்டு எட்டு முன்னால போனேன். திரும்பத் தூக்கினாங்க. தண்ணி. மிதக்குது.

கூடை கூடையா மொட்டோட திரும்பி, படகையும் வூட்டுல சாத்தி வச்சாச்சு. டீக்கடை ஆளுங்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அப்பத்தான் வந்தாங்க. படகு எங்கேம்மா, தூக்கலாமான்னு மலர்கிட்ட கேட்டார் ஒருத்தர்.

"போயிட்டு வந்துட்டோம்ண்ணே. டீ குடிச்சாச்சா?"