அப்பா பழகும் வீடு

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட அப்பாவின் வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். எடுத்துவர அவரே கிளம்பி, மாடிப்படியில் கடைசிக்கு முந்திய படியைக் கடைசி என்று நினைத்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. "ஒண்ணுமில்ல." மூன்று முறை.

கண் டாக்டர் சொன்னது: பக்கப் பார்வை போய்விட்டது. நடுவில் மிச்சமிருப்பது எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. வேறு இடம் போவதென்றால் பார்வை இருக்கும்போதே போங்கள், கைகால் பழகிக்கொள்ளும்.

ஆக, இந்த மாடி வாடகை வீட்டை விட்டுத் தரைவீடு. சொந்தமாக. சீக்கிரம்.

புரோக்கர்கள் இதுவரை:

1. பைபாஸ் பக்கம் ஏசி ஆபீஸ். தரைவீடு கேட்டேன், வடக்கனந்தல் பக்கம் மனை காட்டினார். வேல்யூ ஏறுமாம். அப்பாவின் கண்ணுக்கு ஏறாது.

2. பள்ளியில் சக ஆசிரியை சொன்னவர். எந்த வீட்டைக் கேட்டாலும் இன்னொரு பார்ட்டி இன்றே அட்வான்ஸ் தரத் தயார். அந்தப் பார்ட்டியை யாரும் பார்த்ததில்லை.

3. கோதண்டம். மளிகைக்கடையில் கொடுத்த நம்பர். செவ்வாய் வருகிறார். நம்பிக்கை இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

மலையில் தூறல். வெள்ளிமலை பஸ் தாமதம். மலைமேல் பள்ளியிலிருந்து இறங்கி வீடு சேர மணி ஆறு.

கோதண்டம் (இனி கோ.) வாசலில் டிவிஎஸ்மேல் உட்கார்ந்திருந்தார். அறுபது இருக்கும். எத்தனை சதுர அடி, பட்ஜெட் என்ன என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. அப்பா எத்தனை மணிக்கு எழுவார், டீ எங்கே குடிப்பார், தூக்கத்தில் எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போவார். அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். என்னிடம் சொல்லாதவை உட்பட.

இதுவும் ஒரு தொழில் உத்தியாக இருக்கலாம்.

நானும் கேட்டேன். கமிஷன் விற்பவரிடமும் வாங்குவாரா, பத்திரங்களை எப்போது காட்டுவார். முகம் சுளிக்கவில்லை. "ரெண்டு பக்கமும் வாங்குவன் டீச்சர். மறைக்க இன்னா இருக்குது? என்னய நம்ப வேணாம், பேப்பர நம்புங்க."

டீ போட்டேன். சர்க்கரை இல்லாமல் கேட்டார். சுகர்.

ஜூலை 12, சனி

விடுமுறை. அப்பாவோடு இரண்டு வீடுகள்.

முதல் வீடு எனக்குப் பிடித்தது. வெளிச்சம், சுவர் முழுக்கப் புத்தக அலமாரி. கோ. செருப்பைக் கழற்றி, துண்டால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்தார். நடுவில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு படி. தடுக்கிக் கதவைப் பிடித்தார். வீட்டுக்காரர், "இன்னாய்யா, கண்ணாமூச்சி ஆடிக்கினு கீற?" கோ. துண்டை உதறித் தோளில் போட்டார். "இது வேணாம் டீச்சர்."

விற்க வந்தவரே வேண்டாம் என்கிறார். யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, சரோஜா அம்மாவுடையது. காலியாகக் கிடக்கிறது. அவர் எதிர்வீட்டில் மகனோடு. பூட்டைத் திறக்குமுன்பே கோ. குறைகளைச் சொல்லிவிட்டார்: கோடையில் தண்ணீர் கம்மி, பின்சுவரில் ஓதம். ஆனால் தரை முழுக்க ஒரே மட்டம். வாசலிலிருந்து இடப்பக்கச் சுவரைத் தொட்டபடி போனால் டீக்கடை. ரோட்டைக் கடக்க வேண்டாம்.

அப்பா கதவை இரண்டு முறை திறந்து மூடினார். "சத்தம் நல்லா இருக்குதும்மா."

ஜூலை 14, திங்கள்

வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா. மூன்றும் மூன்று முறை. வக்கீலிடமும் காட்டினேன். பிழை எதுவும் இல்லை. கிடைக்காததில் சிறு ஏமாற்றம். என் புத்தி.

கோ. போன். விலை படிந்துவிட்டது. ஆனால் நாளை மறுநாளோடு ஆனி முடிகிறது; மிச்ச இரண்டு நாளும் சரோஜா அம்மாவுக்கு நாள் சரியில்லை. ஆடியில் அட்வான்ஸ் வாங்க மாட்டார், சாவி தர மாட்டார். இனி ஆவணிதான். தான் பக்குவமாகப் பேசுவதாகவும், நான் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஒரு மாதம். போன மாதம் அப்பா காலண்டரில் தேதி படித்தார். இந்த மாதம் என்னைக் கேட்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

பொறுக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே சரோஜா அம்மா வீடு. கோ.விடம் சொல்லவில்லை. ஆடி வழக்கமெல்லாம் விதைப்புக் காலத்தை ஒட்டி வந்தது, வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். வகுப்பெடுப்பதுபோல. காபி கொடுத்தார். முழுக்கக் கேட்டார். பிறகு:

"புரோக்கர தாண்டி வந்துட்டீங்க. நாளைக்கு என்னயும் தாண்டுவீங்க. வேற வூடு பாத்துக்குங்கம்மா."

அப்பாவின் கண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

லீவு. கண் சொட்டு மருந்து. காஸ் புக் செய்ய. அப்பாவுக்கு வழுக்காத செருப்பு.

கோ. வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு என்ற சொல் எனக்குச் சுலபத்தில் வராது. தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன்.

"தெரியும் டீச்சர். அந்தம்மா நேத்தே போன் போட்டுத் திட்டிச்சு. உங்கள இல்ல, என்னய. 'இன்னா பார்ட்டி இட்டாந்துகீற, எனக்கே பாடம் நடத்துது'ன்னு." சிரித்தார். என்னால் முடியவில்லை.

நாளை சாயங்காலம் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். நான் மட்டும் வாயைத் திறக்கக் கூடாதாம்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

தெருமுனைக் கோயிலில் காலையிலிருந்து ஒலிபெருக்கி. மாலை சரோஜா அம்மா வீட்டில் நான் பேசவில்லை. கோ. அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னார், டாக்டர் சொன்னதையும்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அட்வான்ஸும் ஆவணிக்கே வாங்கிக்குங்க. தெனம் சாயங்காலம் கதவ மட்டும் தெறந்து வுடுங்க, ஐயா நடந்து பழகிக்கட்டும். ஆடில குடி போவக் கூடாதுன்னுதான் சொல்வாங்க. நடக்கக் கூடாதுன்னு இல்லியே."

சரோஜா அம்மா என்னைப் பார்த்தார். "இத ஏம்மா அன்னிக்கு சொல்லல?"

அவர் எழுந்து சாவி எடுத்துவந்தார். யார் கையிலும் தரவில்லை. தானே போய்த் திறந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

நான்காம் நாள். அப்பா சொல்லச் சொல்லக் குறித்தது: வாசலிலிருந்து கட்டில் போடும் இடம் நடந்தால் ஒன்பது எட்டு. அங்கிருந்து பாத்ரூம் ஆறு. பாத்ரூம் கதவு உள்ளே திறக்கிறது, மாற்ற வேண்டும்.

கோ. தினமும் வருகிறார். கேட்டால் இந்தப் பக்கம் வேலை என்கிறார். திருக்கோவிலூரில் வீடு காட்ட வருவதாகச் சொன்னதை அவர் போனில் தள்ளிப்போட்டது காதில் விழுந்தது.

காலிக் கூடத்தில் இன்று ஒரு நாற்காலி. சரோஜா அம்மா போட்டிருக்கிறார்.

ஜூலை 26, சனி

மழை வருவதுபோல் இருந்து மலைப்பக்கம் போய்விட்டது.

இன்று கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறேன் என்றார் அப்பா. கையைப் பிடிக்கப் போனேன். கோ. வேண்டாம் என்று தலையசைத்தார். தன் இரண்டு கையையும் நீட்டியபடி அப்பாவின் பின்னாலேயே நடந்தார். தொடவில்லை. கட்டில் இடம். பாத்ரூம். திரும்ப வாசல். பிறகு தெரு, இடப்பக்கச் சுவர்.

நான் வாசலில் நின்று எட்டுகளை எண்ணினேன். பக்கத்தில் சரோஜா அம்மாவும் வாய்க்குள் எண்ணுவது கேட்டது.

டீக்கடைப் பலகையில் கை பட்டதும் அப்பா நின்றார். கண்ணைத் திறக்கவில்லை.

"ரெண்டு டீ. பின்னால வர்றவருக்கு சக்கர வேணாம்."