கிர்வே ஆக மறுத்த விருந்தாளி

என் கண்ணே நெஸ்ரின்,

முதலில் உன் இரண்டு கண்களிலும் முத்தம். எங்களைக் கேட்டால், அல்லாஹ்வின் தயவில் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, அதைவிட அதிகமாக அவர் முனகுகிறார். ஆப்ரிகாட் இந்த வருடம் பரவாயில்லை, மொட்டைமாடி முழுக்கக் காய்கிறது, கால் வைக்க இடமில்லை. உன் தம்பி தைலானுக்குப் புண் ஆறிவிட்டது, ஆனால் சுன்னத்துக் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளை அங்கியையும் இறகு வைத்த தொப்பியையும் கழற்ற மாட்டேன் என்கிறான், ரொட்டி வாங்கக்கூட சுல்தானைப் போலத்தான் போய் வருகிறான். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, உன் அப்பாவும் கூடத்தில் இருக்கிறார், நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

தம்பியின் சுன்னத்துக் கல்யாணத்துக்கு ஜெர்மனி ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை என்று உன்னோடு நர்ஸ் வேலை பார்க்கும் ஹோல்கரிடம் தங்கக் காசைக் கொடுத்து அனுப்பினாய். நம் ஊர் விசேஷத்தைப் பார்க்க ஆசைப்படுகிற ஜெர்மன்காரர், அவ்வளவுதான் என்றாய், நானும் நம்பினேன். வந்தவர் யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றினார், உன் அப்பாவின் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். டீ போதும் என்றால் கரண்டியை கிளாஸின்மேல் குறுக்கே வைக்க வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. துருக்கி மொழி பேசுகிறார், தடுக்கித் தடுக்கித்தான், ஆனால் விழாமல் பேசுகிறார். வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு இவ்வளவு எதற்கு என்று அப்போதே மனதில் ஒரு நெருடல் எனக்கு. வேலை தலைக்கு மேல் இருந்தது, விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் என்ன ஆயிற்று தெரியுமா, கிர்வேயாக இருக்கச் சம்மதித்திருந்த ஹிதிர் ஆப்ரிகாட் பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். பிள்ளையை மடியில் வைத்துப் பிடிக்க ஆளில்லாமல் சுன்னத்து எப்படி நடக்கும், உன் அப்பா இரவெல்லாம் புரண்டார். காலையில் முற்றத்தில் அண்டாவில் சோறு வெந்துகொண்டிருக்கிறது, மேளக்காரர்கள் வந்தாயிற்று, டாக்டர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், ஊரே உட்கார்ந்திருக்கிறது. உன் அப்பா எழுந்து ஹோல்கரின் தோளில் கை போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் உன் அப்பாவே இல்லை. "நம்ம தைலானுக்கு நீதான் கிர்வே, புரியுதா? இனிமே நீ எங்க ரத்தம். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பொண்ணு குடுக்கறது எடுக்கறதுகூட கெடையாது, கூடப் பொறந்தவங்க ஆயிடுவோம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஒரு வெளியூர்க்காரருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நம்மால் கொடுக்க முடியாது. ஹோல்கரின் முகம் தயிராக வெளுத்துவிட்டது. "வேற எது சொன்னாலும் செய்றேங்கய்யா. இது மட்டும் என்னால முடியாது" என்றார்.

ஊரே எங்களைத் திரும்பிப் பார்த்தது மகளே. கிர்வேயாக இருக்க மாட்டேன் என்று நம் பக்கத்தில் எதிரிகூடச் சொல்ல மாட்டான். உன் சித்தி நாஜியே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா, "வெள்ளைக்காரருக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும்போல, ஆஸ்பத்திரில என்னத்த வேலை பாக்கறாரோ" என்றாள். எனக்கு அங்கேதான் உறைத்தது. ரத்தத்தோடு புழங்குகிற ஆள் ரத்தத்துக்கா பயப்படுவார்? நான் உடனே மினிபஸ் ஓட்டும் ஜெலாலைக் கூப்பிட்டு நீ பிடித்துக்கொள் தம்பி என்றேன். அவனுக்கு மூன்று பெண்கள், இனி அவர்களில் ஒருத்திகூடத் தைலானுக்குக் கிடையாது, தப்பித்தார்கள் என்று அவனே சிரித்தான். முற்றமும் சிரித்தது, காரியம் நல்லபடியாக முடிந்தது. ஹோல்கர் பின்னால் நின்று தைலானின் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். உன் அப்பா அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை.

சாயங்காலம் யாரும் பேசாததால் ஹோல்கர் சமையலறைக்கு வந்து எனக்கு கிளாஸ் துடைத்துக் கொடுத்தார். கிர்வே என்றால் என்னவென்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். காது சிவந்தது, காய்ந்த கிளாஸையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாக்குக் குடுத்திருக்கேம்மா" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பெற்றவளுக்கு அது போதும்.

மறுநாள் அவரை வழியனுப்பக்கூடாதென்றே உன் அப்பா விடிந்ததும் தோப்புக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். நம் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு நம் வழக்கத்தை அருவருத்தான் என்று ஆரம்பித்தார். "நிறுத்துங்க. நீங்க அவன நம்ம பொண்ணுக்கு அண்ணனாக்கப் பாத்தீங்க, அவன் மாட்டேன்னுட்டான். இதுல அவமானம் எங்க இருக்கு?" என்றேன். அவர் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஒரு பழத்தைப் பிளந்து கொட்டையை எடுத்தார், இன்னொன்றைப் பிளந்தார், தின்னவில்லை. கடைசியில், "நம்ம பொண்ணு மனசு நமக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது, நீ அவரிடம் சொல்லவில்லையே என்ற வருத்தம்.

பஸ் கிளம்புகிற நேரத்துக்கு ஒரு பெட்டி ஆப்ரிகாட்டைச் சுமந்துகொண்டு வந்தார். ஹோல்கரிடம் கையை மட்டும் நீட்டினார், அந்தப் பிள்ளை குனிந்து முத்தமிட்டான். டிரைவரிடம் பார்த்து ஓட்டச் சொன்னார். போகிறவன் தண்ணீர்போல் தங்குதடையின்றிப் போய்த் தண்ணீர்போலத் திரும்பி வரட்டும் என்று பஸ்ஸுக்குப் பின்னால் ஊற்றுவதற்கு நான் ஒரு சொம்பு கொண்டுபோயிருந்தேன். பஸ் நகர்ந்ததும் உன் அப்பா அதை என் கையிலிருந்து பிடுங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அவரே ஊற்றினார். திரும்பி வர வேண்டாதவனுக்கு நாம் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உனக்குத் தெரியும்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஒருவனுடைய வாயைப் பூட்டி நம் வீட்டுக்கு அனுப்பினாயே, ஊர் முன்னால் அவன் தலைகுனிந்து நின்றான். செப்டம்பரில் வா, வந்து உன் வாயால் அப்பாவிடம் சொல். எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைக்காதே, அவன் கலிமா சொல்லி நம் மார்க்கத்துக்கு வருவது இருக்கிறது, ஊர் வாய் இருக்கிறது, அவனுக்காக டாக்டரையும் இன்னொரு முறை வரச்சொல்ல வேண்டியிருக்கும் என்று நேற்று உன் அப்பா சொன்னார், சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, அவனுக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா, காபி குடிப்பார்களா என்றும் கேட்டார்.

மழையில் தலையை மூடிக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னைக் கெட்ட கண்ணிலிருந்து காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் நல்லதாகட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பெண் கேட்டு வருகிற அன்று, மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதிக்க நாம் காபியில் போடுகிற உப்பை அவனுக்கு அள்ளிக் கொட்டாதே, கொஞ்சமாகப் போடு. முகம் சுளிக்காமல் குடிப்பானா என்பதை நாங்கள் ஏற்கனவே பார்த்துவிட்டோம்.

உன் கண்களில் மீண்டும் முத்தமிடும்
அம்மா ஹாஜர்
அராப்கிர்