நான் திருத்திய கதவு எண்கள்

அனுப்புநர்:
காலஞ்சென்ற நகராட்சித் தட்டச்சரின் மனைவி, வயது 82,
கதவு எண் 9, மாடி,
அச்சகத் தெரு.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: பெண்கள் பள்ளி வரலாற்று ஆசிரியையின் பணியிடை நீக்கத்தை விலக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நினைவு தடுமாறும் கிழவியை வகுப்பில் நிறுத்தி ஆசிரியை அழவைத்தார் என்று பெற்றோர் சிலர் தங்களிடம் புகார் அளித்துள்ளனர். என் நினைவு சரியாக இருக்கிறது. நான் அழவில்லை. ஆசிரியை என்னை அழைக்கவுமில்லை. பத்தாம் வகுப்பில் இனப்படுகொலை பற்றிப் பாடம் நடப்பதாக எதிர்வீட்டு மாணவி சொன்னாள். நானே கடிதம் எழுதி அனுமதி பெற்றுச் சென்றேன்.

2. கொண்டுசென்றவை நான்கு கார்பன் நகல்கள். ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் ஓர் இனத்தவர் குடியிருந்த வீடுகளின் பட்டியல். மேலிடத்து உத்தரவுப்படி என் கணவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் தட்டச்சு செய்தார். நான் கான்வென்டில் படித்தவள். பிழை பார்ப்பது என் வேலை. நகராட்சி வீட்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு மூன்று கதவு எண்களைத் திருத்தினேன். பட்டியல் எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை. பட்டியல் போன ஒன்பதாம் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்த மூன்று வீடுகளிலும் ஒருவரும் மிஞ்சவில்லை. ஒன்று, எனக்குத் துணி தைத்துக் கொடுத்தவரின் வீடு.

3. ஒரு மாணவி, "நீங்க தப்பைத் தப்பாவே விட்டிருந்தா அவங்க பிழைச்சிருப்பாங்களா பாட்டி?" என்று கேட்டாள். பிழைத்திருக்கலாம் என்றேன். உடனே இன்னொருத்தி, "விடுங்க பாட்டி, ஆர்டர் போட்டது யாரோ, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். அப்போது ஆசிரியை சொன்னது இவ்வளவே: "பாட்டிக்குச் சமாதானம் சொல்ல வேணாம். அந்த மேசையில நீங்க உட்கார்ந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? எழுதுங்க."

இதைத்தான் கொடுமை என்கிறார்கள். என் மகன்களும் பாதிரியாரும் இத்தனை ஆண்டுகளாக "மறந்துடுங்கம்மா" என்றுதான் சொல்லிவருகிறார்கள். என்னைப் பொறுப்புள்ள மனுஷியாக நடத்தியவர் அந்த ஆசிரியை ஒருவரே.

4. முப்பத்தொரு மாணவிகளில் பத்தொன்பது பேர், தாங்களும் திருத்தியிருப்போம் என்று உண்மையாக எழுதினர். ஆசிரியை யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வகுப்பில் இதைப் பேசுவோம் என்றார். அந்த விடைத்தாள்கள் வீட்டுக்குப் போன பிறகே புகார் வந்தது. பெற்றோரைச் சுட்டது நான் வடிக்காத கண்ணீர் என்று நான் நம்பவில்லை, பிள்ளைகள் எழுதிய அந்த விடைதான்.

5. எனவே ஆசிரியையை மீண்டும் பணியில் அமர்த்தி, நின்றுபோன அந்த அடுத்த வகுப்பை நடத்த உத்தரவிடுங்கள். புகாருக்குப் பின் தலைமையாசிரியை எடுத்து வைத்திருக்கும் என் கார்பன் நகல்களை எனக்குத் திருப்பித் தர வேண்டாம், அவ்வகுப்பிலேயே சேர்க்கவும். விசாரணை உண்டென்றால் முதல் சாட்சி நான். தங்கள் அலுவலக லிஃப்ட் ஓடுவதில்லை என்று கேள்வி, படியேறி வருவேன்.

தங்கள் முடிவை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

நாள்: ஜூலை 11
இடம்: மேற்கண்ட முகவரி

(கையொப்பம்)