சவுரிக்குக் காய்ச்சிய கோழிக்கால் சூப்

ஜனவரி 18
என் மருமகள் மெர்சி, நான் காய்ச்சிய சூப்பைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு சவுரிக்குச் சோறு இறங்குவதில்லை. பெண்டாட்டி பட்டினி கிடக்க நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? கோழிக்கால்களை வெந்நீரில் போட்டு மஞ்சள் தோலை உரித்து, கழுத்தெலும்பு, இஞ்சி, மிளகோடு நேற்று பகல் முழுக்கச் சிறு தீயில் வைத்தேன். நுரை எடுத்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி அடுப்பு மேலேயே மூடி வைத்தேன். காலையில் அல்வா மாதிரி உறைந்திருந்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சினால் உறையும். தோல் பதனிடும் டேனரிக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா?

"கெட்டுப்போச்சு மாமா. அத்தைக்கு இப்ப இன்ஃபெக்‌ஷன் ஆகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

கெட்டது உறையுமா?

ஜனவரி 19
மெர்சியோடு பேசவில்லை. மறுபடி காய்ச்சினேன். அவள் கைக்கு எட்டாமல் என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்தப் பனிக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு?

ஜனவரி 20
சவுரிக்கு இன்று முழுக்க வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. சூப் இருக்கிறது. நாளைக்குக் கொடுப்பேன்.

ஜனவரி 21
காலையில் தூக்குச்சட்டியோடு சர்தார் பாஷாவின் கறிக்கடைக்குப் போனேன். டேனரியில் பச்சைத் தோல் ஊறி நாறும் சுண்ணாம்புத் தொட்டியில் என்னோடு நின்றவன். சட்டிக்குள் மூக்கை விட்டுப் பார்த்தான்.

"ஜோரா கீது தோஸ்த். உன் மருமவளுக்குத்தான் மூக்கு ஜாஸ்தி."

சாட்சி கிடைத்துவிட்டது என்று வந்தேன். வாசலில் மெர்சி, "வேணாம் மாமா" என்றாள். கேட்கவில்லை. சூடு பண்ணி சவுரியின் வாயருகே கொண்டுபோனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாயா, தொட்டியவே வூட்டுக்கு எடுத்தாந்துட்டியா? இந்த நாத்தம் தெரியல உனக்கு?"

"பாஷா நல்லா இருக்குன்னான்."

"ரெண்டு பேரும் மூக்க டேனரியிலயே வுட்டுட்டு வந்தவங்க. போயும் போயும் அவனையா கேட்ட?"

சிரித்தாள். சிரிப்போடு ஓங்கரிப்பு வந்துவிட்டது. மெர்சி ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாய் உள்ளே போயிருந்தால்?

நானே கொட்டினேன். மெர்சி சட்டியை வாங்கிக் கழுவி வைத்தாள். நாலு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஜனவரி 22
காய்ச்சவில்லை.

ஜனவரி 24
காய்ச்சினேன். இறக்கியதும் கரண்டியில் எடுத்து மெர்சியிடம் நீட்டினேன். முகர்ந்து, "நல்லா இருக்கு மாமா" என்றாள். சவுரி அரை டம்ளர் குடித்தாள். வாந்தி இல்லை. இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

அன்று மெர்சி என்னைக் கேட்காமல் கொட்டியது தப்புதான். அதை நான் விடுவதாக இல்லை. ஆனால் இனிமேல் இப்படி:

கோழிக்கால் வாங்குவது, உரிப்பது, காய்ச்சுவது நான். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.
ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைப்பது ஜான்சன். பெற்ற பிள்ளைக்கும் ஒரு வேலை வேண்டும்.
ஒவ்வொரு தடவையும் கொடுப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பது மெர்சி.
அவள் வேண்டாம் என்றால், பாஷாவிடம் போகாமல் கொட்டுவது நான்.