கான்ட்ராக்டர் மாப்பிள்ளை

பெரம்பலூர்,
4.1.2026

திரு. தமிழழகன் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகையில் பெண் பார்த்துவிட்டுப் போனீர்களே, அந்த லாவண்யா எழுதுகிறேன். போனில் பேசினால் வீடே காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறது, அதனால் கடிதம். புரோக்கர் உங்களைக் கான்ட்ராக்டர் என்று சொல்லிவிட்டார். அப்பாவைப் பொறுத்தவரை கான்ட்ராக்டர் என்றால் ரோடு போடுகிறவர். "டிப்பர் எத்தனை வச்சிருக்காப்ல?" என்று என்னைக் கேட்கிறார். உண்மையில் என்னதான் வேலை உங்களுக்கு? நான் ஆடிட்டர் ஆபீஸில் இருப்பவள், கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
லாவண்யா

உடையார்பாளையம்,
8.1.2026

அன்புள்ள லாவண்யாவுக்கு,

படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். டிப்பர் இல்லை, ஒரு கம்ப்யூட்டர்தான். நார்வேயில் ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் கப்பல் சமையலறை பிளான் வரைந்து தருகிறேன். நான் கப்பலில் ஏறியதே இல்லை, அது அவர்களுக்குத் தெரியாது! மாதாமாதம் பில் அனுப்புவேன், பணம் வந்துவிடும். வெளிநாட்டுப் பணம் என்பதால் வரி கிடையாது. சித்தப்பா குவைத்திலிருந்து எத்தனையோ வருடம் அனுப்பினார், யாரும் வரி கேட்கவில்லையே.

அன்புடன்,
தமிழழகன்

பெரம்பலூர்,
13.1.2026

அன்புள்ள தமிழழகன் அவர்களுக்கு,

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற களேபரத்தில் எழுதுகிறேன். கப்பல் ஆடினால் அடுப்பில் இருக்கும் பாத்திரம் என்னவாகும்? அதை அப்புறம் சொல்லுங்கள். உங்கள் சித்தப்பா குவைத்திலேயே இருந்து சம்பாதித்தார். நீங்கள் உடையார்பாளையத்தில் உட்கார்ந்து வரைகிறீர்கள். பணம் எங்கிருந்து வந்தாலும் வருமான வரி இங்கேதான். சம்பளக்காரருக்குக் கம்பெனியே பிடித்துக் கட்டிவிடும், உங்களுக்குப் பிடிக்க ஆளில்லை, நீங்களே கட்ட வேண்டும். விட்டுப்போன வருடங்களுக்கும் இப்போது கணக்குக் கொடுக்கலாம், கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும். தெரிந்த பிறகும் மறைத்தால் இந்தக் கல்யாணத்துக்கு என்னால் சரி சொல்ல முடியாது. இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

லாவண்யா

உடையார்பாளையம்,
2.2.2026

அன்புள்ள லாவண்யாவுக்கு,

முதலில் கோபம்தான் வந்தது. "பொண்ணு பாக்கப் போயி வரி ஆபீசரப் பாத்துட்டு வந்துட்டோம்மா" என்று அம்மாவிடம் புலம்பினேன். பிறகு அரியலூரில் ஓர் ஆடிட்டரைப் பார்த்தேன், அவரும் அதையேதான் சொன்னார். எல்லா வருடத்துக்கும் கணக்குக் கொடுத்து வரியும் கட்டியாயிற்று. கல்யாணத்துக்கு முன் மாடியில் அறை கட்ட வைத்திருந்த பணம் அதற்கே போய்விட்டது.

நேற்று உங்கள் அப்பாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அவர் என்ன நினைக்கிறார் என்பதைவிட, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றுதான் தெரிந்துகொள்ளத் தவிக்கிறேன். வேண்டாம் என்றாலும் எழுதிவிடுங்கள்.

தமிழழகன்

பெரம்பலூர்,
9.2.2026

அன்புள்ள உங்களுக்கு,

அப்பா நேற்றுச் சாப்பிடும்போது, "கேக்காமயே வந்து சொல்லிட்டுப் போயிருக்கான். எந்தக் கான்ட்ராக்டர் இப்படிச் சொல்லுவான்?" என்றார். "அப்ப சரின்னு சொல்லிடவா?" என்று அம்மா கேட்டதற்கு, "அத அவகிட்டக் கேளு" என்று எழுந்து போய்விட்டார்.

கேட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க உங்கள் அம்மாவை அழைத்து வாருங்கள். மாடிக்கு அவசரமில்லை, என் சம்பளமும் சேர்ந்த பிறகு கட்டலாம். படிக்கட்டை மட்டும் வீட்டுக்கு வெளியே வரைந்துவிடாதீர்கள், மழையில் நனைந்துகொண்டு என்னால் ஏற முடியாது.

உங்கள்
லாவண்யா