காட்சிக்கு வைத்த கால்கள்

2016 ஜூலை 19, செவ்வாய். போயா, பௌர்ணமி விடுமுறை

ஹேவாஹெட்ட பாதையில் இருக்கிற அந்தப் பூங்காவில் மனிதரைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கண்டிக்கு வருகிறவர்கள் அதற்கு நுழைவுச்சீட்டு எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

வவுனியாவிலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டை பார்மசியில் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அறையில் கிடந்து சுவரைப் பார்க்காமல் வாருங்கள் என்று கூட வேலை செய்யும் முஹ்ஸின் இழுத்துப் போனான். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, சீமெந்தில் செய்த யானை. அதுவரை சரி. கடைசியில் 'தேயிலைத் தோட்டம்' என்று ஒரு பகுதி. மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடு, அதில் கொஞ்சம் தேயிலைச் செடி, பக்கத்தில் புதுப் பெயின்ட் அடித்த ஒரு லயம், தொழிலாளரின் வரிசை வீடு. லயத்துக்குள் நெருப்புக்குப் பதிலாக மின்விளக்கு எரிகிற அடுப்பு.

செடிகளில் கொழுந்தே இல்லை. காலையிலேயே கிள்ளித் தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் பெண்கள் கூடையோடு நின்று விரல்களை அசைக்கிறார்கள். காற்றைக் கிள்ளிக் கூடையில் போடுகிறார்கள். பஸ் வந்து நின்றதும் ஒருவன் விசில் அடிக்க, எல்லோரும் "பொலி, பொலி" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லோரும் வெறுங்கால்.

ஒரு பெண்ணின் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், தமிழர்தான், அவரோடு படம் எடுக்க நின்றது. "அந்தத் துணியைக் கொஞ்சம் கழட்டுறீங்களா, படத்தில அசிங்கமா விழுது" என்றாள் அந்த வீட்டு அம்மா. அவர் குனிந்து கழற்றினார். உள்ளே இருந்ததை நான் பார்த்தேன். அந்தக் குடும்பம் பார்க்கவில்லை. கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 20

மதியச் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் முஹ்ஸினிடம் கொடுத்தேன்.

ஜூலை 23, சனி

அதே பெண் இன்று பார்மசிக்கு வந்தார். பெயர் ஞானேஸ்வரி. புண்ணைக் காயவைக்கிற பவுடர் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். காலை வாங்குப் பலகையில் தூக்கி வைக்கச் சொன்னேன். கூச்சப்பட்டார். விரலின் ஒரு பக்கம் ஊதா நிறம். வாடை.

"சீனி வருத்தம் இருக்கோ?"

"அது இருக்கு தம்பி, அது பாட்டுக்கு."

"இந்தக் காலோட செருப்பில்லாமல் நிக்கிறியளே. ஏன் போடேல்லை?"

"போட்டா போட்டோவுக்கு எடுக்காதாம். நெசத் தோட்டம் மாதிரி இருக்கணுமாம்." பிறகு சிரித்தார். "நெசத் தோட்டத்துல நாங்க செருப்பு போட்டுக்கிட்டுத்தான் மலைக்குப் போனோம். அட்டை கடிக்கும்ல."

சேலை நனையாமல் இடுப்பில் கட்டுகிற படங்கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சேலைதான் அழகாம். அந்தப் 'பொலி'யைப் பற்றிக் கேட்டேன்.

"மொதக் கொழுந்து கிள்ளுறப்ப ஒருக்கா சொல்லுவோம், அன்னைக்கு நல்லா விளையணும்னு. இங்க பஸ்ஸு வர்றப்பல்லாம் கத்தணும். சாமிக்கே காது வலிச்சிருக்கும்."

மலை ஏற முடியாததால்தான் தோட்டத்தை விட்டாராம். புருஷன் இல்லை. மகள் பேராதனையில் படிக்கிறாள். நின்ற இடத்தில் நிற்கிற வேலை இது ஒன்றுதான் கிடைத்ததாம். "இதையும் விட்டா வேற யாரு தம்பி என்னைய கூப்புடுவா?"

பவுடர் கொடுக்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். லீவு கேட்டால் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள் என்றார். பெரஹரா ஊர்வலம் வருகிறது, வெள்ளைக்காரர் கூட்டம், அது முடியட்டும் என்றார்.

முடியும் வரை அந்த விரல் காத்திருக்குமா?

ஜூலை 26

முஹ்ஸினோடு சண்டை. பூங்காவில் போய்க் கேட்கப் போகிறேன் என்றேன்.

"ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை? அந்தப் பொம்புள ஒங்கள்ட்ட கேட்டாவா?"

"கேட்டால்தான் செய்யிறதோ?"

"இங்க ஒங்களுக்கு ஆரையும் தெரியாது. அதால கோவப்படுறது லேசு. நாளைக்கு ஊருக்குப் போயிருவீங்க. அவ எங்க போற?"

அவன் சொன்னது சரியாக இருந்தாலும் அந்த விரல் அழுகுவது நிற்காது.

ஜூலை 31, ஞாயிறு

போனேன். மெனேஜர் ராஜரத்தினம். கண்டி நகரத்துத் தமிழர், வெள்ளைச் சேர்ட், பளபளக்கிற சப்பாத்து. மரியாதையாகக் கதிரை போட்டார், தேத்தண்ணீர் வந்தது. அதுதான் எரிச்சல்.

"தம்பி, நாங்க நம்ம மக்கள்ட வரலாற்றத்தான் காட்டுறோம். எங்க தாத்தாவும் கொழுந்து மலையில நின்னவருதான்."

"அந்தம்மாவின்ட கால் அழுகுது. செருப்புப் போட விடுங்கோ."

"செருப்புப் போட்டா ஒரிஜினல் லுக் போயிரும்."

"அப்ப உங்கட தாத்தாவுக்காக நீங்களும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ."

தேத்தண்ணீர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் பாதிதான் குடித்திருந்தேன்.

ஆகஸ்ட் 2

விரல் கறுத்துவிட்டது. காய்ச்சல். வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்மசி வாசலிலேயே இருந்துவிட்டார். முஹ்ஸின் ஓடிப்போய்த் த்ரீவீலர் பிடித்து வந்தான். பெரியாஸ்பத்திரியில் உடனே வார்ட்டில் போட்டார்கள்.

ஆகஸ்ட் 4

விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

வார்ட்டுக்குப் போனேன். படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடட்டுமா என்று கேட்டேன்.

"மொகம் வேணாம் தம்பி. காலு மட்டும். மத்த புள்ளைங்களுக்காவது செருப்பு குடுக்கட்டும்."

கட்டுப்போட்ட காலை எடுத்தேன். அவர் சொன்னதையே எழுதினேன்: நிஜத் தோட்டத்தில் செருப்பு உண்டு, பூங்காவில் இல்லை. என் வார்த்தை எதையும் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 7

எங்கெங்கிருந்தோ பகிர்கிறார்கள். கோபம் பொங்குகிறதாம். பொங்குகிற ஆட்களில் பாதிப் பேர் அந்த மேட்டில் நின்று படம் எடுத்தவர்கள்தான்; அவரவர் பக்கத்திலேயே அந்தப் படமும் கிடக்கிறது. தூ.

ஆகஸ்ட் 9

பூங்காவின் பேஸ்புக் பக்கத்தில் புதுப் படம். பெண்கள் எல்லோரும் பழுப்புத் தோல் செருப்போடு வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ராஜரத்தினம். 'எமது தொழிலாளரின் நலனே எமது நலன்.'

வென்றுவிட்டாய் என்று ஊரிலிருந்து நண்பர்கள் எழுதுகிறார்கள். எனக்கும் கொஞ்சம் சந்தோஷம் வந்தது. வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 13, சனி

ஞானேஸ்வரி பார்மசிக்கு வந்தார், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு. நேரே பூங்காவிலிருந்து வருகிறார். வார்ட்டிலிருந்து விட்டதும் முதலில் அங்கேதான் போயிருக்கிறார். அவருடைய இடத்தில் வேறொரு பெண் நிற்கிறாளாம், நல்ல உயரம்.

"கட்டோட நின்னா பாக்குற ஆளுங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமாம். கட்டு பிரிச்சாலும் வெரலு இல்லாதது தெரியுமாம். மொகத்தப் போடலைனாலும் யாரு காலுன்னு அவுங்களுக்குத் தெரியாதா?"

வாங்கை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"செருப்பு குடுத்துட்டாங்க தம்பி," என்றார். "எனக்குத்தான் அதுல கால வைக்க எடமில்ல."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மகள்தான் என்னைப் பார்த்த பார்வை — படிக்கிற பிள்ளை, எனக்கும் அவளுக்கும் ஒரே வயதிருக்கும். "நீங்க இன்னொரு போஸ்ட் போடுவீங்களா?" என்று கேட்டாள். கேள்வியா குத்தலா, தெரியவில்லை. "இந்தத் தடவை மூஞ்சியவும் போடுங்க. இனி மறைக்க என்ன இருக்கு?"

அம்மா அவளை அதட்டினார். மருந்தை எடுத்துக் கொடுத்தேன். முஹ்ஸின் உள்ளே போய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கின பெட்டிகளையே திரும்ப அடுக்கினான்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

முஹ்ஸினும் நானும் போனோம். உள்ளே விடவில்லை. கேட்டில் காவல்காரனின் கையில் என் படம் இருந்தது. வெயிலில் நின்றோம். கடைசியில் ராஜரத்தினம் ஒரு சுற்றுலாக் கூட்டத்தை வரவேற்கக் கேட்டுக்கு வந்தார். இன்றைக்குக் கோபப்படக் கூடாது என்று சொல்லித்தான் முஹ்ஸின் என்னைக் கூட்டிப் போயிருந்தான். கோபப்படவில்லை.

"சேர், ஞானேஸ்வரி அம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுங்கோ," என்றேன். "மேட்டில நிப்பாட்ட வேண்டாம். டிக்கெட் கிழிக்கிற இடத்தில ஒரு கதிரை போட்டு விடுங்கோ. கால் வெளியில தெரியாது."

அப்படிச் சொன்னேன். கால் வெளியில் தெரியாது என்று. என் வாயால்.

அவர் பஸ் கதவடிக்குப் போய், இறங்கிய ஒவ்வொருவரையும் கும்பிட்டு உள்ளே அனுப்பினார். முஹ்ஸின் என் தோளுக்கு மேலால் எட்டி, "சேர், அந்தப் பொம்புளைக்கு என்னத்தச் செல்றது?" என்று கேட்டான்.

பஸ் காலியானதும் ராஜரத்தினம் திரும்பிப் பாராமல் உள்ளே போனார். காவல்காரன் கேட்டைச் சாத்தினான்.